கடைசி பாரம்

"சார், படத்துல அந்தப் பொண்ணு அழகாயிடுறா. நீங்க எப்படிப் பெட்டியை உடைக்கலாம்?"

அச்சக முதலாளி வெள்ளைத்துரை கையெழுத்துப் பிரதியை மேஜையில் போட்டார். எதிரே பஞ்சாபகேசன் அசையாமல் உட்கார்ந்திருந்தார். பகலில் ஆபீஸ் குமாஸ்தா, சாயங்காலத்தில் எழுத்தாளர்.

வெள்ளிக்கிழமை அந்த இங்கிலீஷ் படம் தமிழ் பேசிக்கொண்டு மதுரைக்கு வருகிறது. ஒரு விஞ்ஞானி கண்ணாடிப் பெட்டி ஒன்று செய்கிறான். என்ன குறை உள்ளவர் உள்ளே போனாலும் அப்பழுக்கில்லாத உடம்போடு வெளியே வருவார். தீயில் முகம் வெந்த தன் மனைவியை அவன் உள்ளே அனுப்புகிறான். சிலை மாதிரி வருகிறாள். சுபம்.

அந்தக் கதையை நாவலாகப் போட்டு, தியேட்டர் வாசலிலேயே விற்க வெள்ளைத்துரை ஏற்பாடு செய்திருந்தார். எல்லாம் ஒழுங்காகத்தான் போனது, கடைசி அத்தியாயம் வரும்வரை. பஞ்சாபகேசனின் விஞ்ஞானி சுத்தியலை எடுத்துப் பெட்டியை நொறுக்கிவிட்டான். 'நீ இப்படியே எனக்கு அழகுதான்' என்று மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"படம் பாத்துட்டு வாரவன் புத்தகத்தைப் புரட்டுவான். முடிவு வேறயா இருந்தா என்னையத்தான் ஏசுவான். தியேட்டர்காரருக்கு நான் என்ன பதில் சொல்ல?"

"மாத்தறதா இல்லை, சார்."

"இன்னும் ஒரே ஒரு பாரம்தான் அச்சடிக்கணும், சார். பதினாறு பக்கம். மெஷின் சும்மா நிக்குது!"

"அப்போ வேற யாரையாவது வெச்சு எழுதிக்கோங்கோ. என் பேரை எடுத்துடுங்கோ."

எழுந்து போயே விட்டார்.

"எம்புட்டுத் திமிரு!" வெள்ளைத்துரை வாசலுக்கும் மெஷினுக்குமாக நடந்தார். டீ வந்தது, ஆறியது. ஒரு பீடியைப் பற்றவைத்துப் பாதியிலேயே நசுக்கினார்.

கம்பாசிட்டர் சோலை தலையை நீட்டினான். "அண்ணே, எழுத்துக் கோக்கவா, வேணாமா?"

"இருடா! அவர் வீட்டுக்கே போயி ரெண்டுல ஒண்ணு கேட்டுட்டு வாரேன்."

பிரதியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஆனையூர் பஸ்ஸில் ஏறினார். வழியெல்லாம், கேட்க வேண்டியதை உதட்டுக்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டார். பஸ் ஊர்ந்தது.

கதவைத் திறந்தது பஞ்சாபகேசனின் மனைவி பாலாம்பாள்.

அவள் இடது கன்னம் கழுத்துவரை வெந்து சுருங்கியிருந்தது. அந்தப் பக்கத்து இமை முழுசாக மூடவில்லை.

"பம்ப் ஸ்டவ் வெடிச்சுடுத்து. கல்யாணமான புதுசுல" என்றாள் அவளே. "உள்ளே வாங்கோ. அவர் கை கால் அலம்பிண்டிருக்கார்."

நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். சுத்தியல் எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிந்தது. திமிர் என்று சொன்ன நாக்கைக் கடித்துக்கொண்டார்.

பஞ்சாபகேசன் துண்டால் முகத்தைத் துடைத்தபடி வந்ததும், வெள்ளைத்துரை எழுந்து நின்றார்.

"சார், மன்னிச்சிருங்க. உங்க முடிவே இருக்கட்டும். தியேட்டர்காரர்ட்ட நான் பேசிக்கிறேன். இப்பவே போயி சோலையை எழுத்துக் கோக்கச் சொல்றேன்."

பஞ்சாபகேசனுக்குக் கண் கலங்கிவிட்டது. வெள்ளைத்துரைக்கும் நெஞ்சு நிறைந்திருந்தது. காபியோடு வந்த பாலாம்பாளைப் பார்த்துச் சொன்னார்:

"குடுத்து வச்சவுகம்மா நீங்க. இப்படி ஒரு மனுசன் யாருக்குக் கிடைப்பாக?"

அவள் டபராவைக் கீழே வைத்தாள்.

"அந்த முடிவு வேண்டாம், சார்."

இரண்டு பேரும் நிமிர்ந்தார்கள்.

"நீ எப்போ படிச்சே?" என்றார் பஞ்சாபகேசன்.

"நீங்க ஆபீஸ் போனப்புறம்."

"பாலா, உனக்காகத்தானே அப்படி எழுதினேன்!"

"தெரியும். ஆத்துல மாட்டியிருந்த கண்ணாடியையும் எனக்காகத்தான் கழட்டிட்டேள். கல்யாணம், சீமந்தம் எல்லாத்துக்கும் எனக்காகத்தான் தனியாப் போயிட்டு வரேள். நான் வரலைன்னு என்னிக்காவது சொன்னேனா?"

பஞ்சாபகேசன் துண்டை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

வெள்ளைத்துரைக்கு இருப்புக் கொள்ளவில்லை. "அப்ப... படத்துல வாரபடியே போட்டுருவோமாம்மா?"

"அதுல அவனே உள்ளே அனுப்பறான். இதுல இவரே பெட்டியை உடைக்கறார். அந்தப் பொண்ணு ரெண்டுலயும் வாயே திறக்கலை."

காபியில் ஆடை படிந்தது.

பஞ்சாபகேசன் பிரதியை வாங்கினார். கடைசிப் பக்கங்களைக் குறுக்கே அடித்தார். புதுத் தாள் ஒன்றை எடுத்து ஒரே ஒரு வரி எழுதினார். பிறகு அதை வாய்விட்டுப் படித்தார்.

"விஞ்ஞானி பெட்டியின் கதவருகே நின்று, 'உள்ளே போக உனக்கு இஷ்டமா?' என்று மனைவியைக் கேட்டான்."

பேனா தாளிலேயே நின்றது. அவர் தலையைத் தூக்காமல் கேட்டார்.

"அவ என்ன சொல்றா, பாலா?"

"'போறேன். நீங்க எப்பக் கேப்பேள்னுதான் காத்துண்டிருந்தேன்'னு சொல்றா."