பின்சுவரில் ஒரு கால்

“வீட்டுக்காரனுக்கு அடிக்க உரிமை இருக்கா இல்லையா? அதை மட்டும் சொல்லுங்கம்மா. மத்ததை அப்புறம் பேசுவோம்.”

உட்காருவதற்கு முன்பே கேட்டுவிட்டார் பெரியவர். இன்ஸ்பெக்டர் அம்மா எதிர் நாற்காலியைக் காட்டினார். பெரியவர் அதை ஒரு தடவை ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தார். போலீஸ் ஸ்டேஷன் நாற்காலியை எவன் நம்புவான்?

“யாரை அடிச்சீங்க?”

“சுவர் ஏறின ஆளை. நேத்து மத்தியானம். நாய்க்குன்னு கையில எப்பவும் கம்பு வச்சிருப்பேன். ஒரே போடு. கால் எலும்பு முறிஞ்சிடுச்சு.”

ஓரமாக டீ குடித்துக்கொண்டிருந்த போலீஸ்காரர் கிளாஸைக் கீழே வைத்தார். “ஆள் இப்ப எங்கே?”

“ஆஸ்பத்திரியில. நான்தான் ஆட்டோ பிடிச்சுக் கூட்டிட்டுப் போனேன்.”

“திருடனுக்கு ஆட்டோவா! தாராள மனசு பெரியவரே உங்களுக்கு.”

“பின்னே? சந்துலயே போட்டுட்டு வரச் சொல்றீங்களா?”

இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. “ஆஸ்பத்திரியிலேருந்து எங்களுக்கு ஒரு தகவலும் வரலையே. அடிதடின்னா டாக்டர் சொல்லியிருப்பாரே.”

“அதாம்மா விஷயமே. எப்படி அடிபட்டுச்சுன்னு டாக்டர் கேட்டாரு. மாடிப்படியில வழுக்கிடுச்சுன்னு பதில் வந்துச்சு. என்னைக் காட்டிக் கொடுக்கலை.”

“நல்லதாப் போச்சு. அப்புறம் எதுக்கு நீங்களா வந்தீங்க?”

“எனக்கு நம்பிக்கை இல்லை. இன்னிக்குப் படிக்கட்டுன்னு சொன்ன வாய், நாளைக்குக் கம்புன்னு மாத்திச் சொன்னா? இந்த வயசுல நான் உள்ள போய்க் கம்பி எண்ணணுமா? அதான் முந்திக்கிட்டேன். நடந்தது இதுதான், அடிச்சது நியாயம்தான்னு நீங்க எழுதி வச்சுக்கிட்டா அப்புறம் எவனும் என்னை அசைக்க முடியாது.”

தெருவில் அவருக்கு அஞ்சுபூட்டு என்று பேர்; ஸ்டேஷன் வரைக்கும் தெரிந்த பேர். கேட்டுக்கு மூன்று, வாசல் கதவுக்கு இரண்டு. வெளியே கிளம்பினால் அத்தனையையும் பூட்டி, இழுத்துப் பார்த்து, பாதித் தெரு போய்விட்டுத் திரும்பி வந்து இன்னொரு தடவை இழுத்துப் பார்ப்பார். வெளியூரிலிருந்து மகன் வந்தால்கூட வாசலில் நின்று குரல் கொடுத்தால்தான் கேட் திறக்கும்.

“ஆள் யாருன்னு தெரியுமா?”

“தெரிஞ்ச ஆள்தான்.”

“தெரிஞ்சவங்கதான் பெரியவரே முதல்ல கை வைப்பாங்க” என்றார் போலீஸ்காரர். “கையில பை ஏதாவது வச்சிருந்தானா? அதுல என்ன இருந்துச்சு?”

“நாலு துணி. சுகர் மாத்திரை. ஒரு மூக்குக்கண்ணாடி.”

“இதுக்கா அஞ்சு பூட்டு?”

பெரியவர் அவரை முறைத்தார்.

“சுவர் என்ன உயரம்?” என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

“என் தலைக்கு மேலே ஒரு முழம். உச்சியில கண்ணாடிச் சில்லு வேற பதிச்சிருக்கேன்.”

“அதுமேல எப்படி ஏறினான்?”

“துவைக்கிற கல்லுல கால் வச்சு, சில்லுமேல தலையணையைப் போட்டு. என் தலையணை!”

“கெட்டிக்காரன்தான். துவைக்கிற கல் சுவருக்கு வெளியிலயா இருக்கு?”

“உள்ளே.”

இன்ஸ்பெக்டர் பேனாவை மூடினார். “அப்போ உள்ளே வரலை. வெளியே போயிட்டிருந்தான்.”

பெரியவர் மூக்கைச் சொறிந்துகொண்டார். “போனாலும் சுவர் சுவர்தானேம்மா? கடைக்குப் போயிட்டுப் பின்சந்து வழியா வந்தேன். மரக்கிளை மறைச்சுது. ஒரு கால் மட்டும் தொங்குது. கைக்கு எட்டினதை அடிச்சேன். முகத்தை அப்புறம்தான் பார்த்தேன்.”

“கத்தலையா?”

“கத்துற ரகம் இல்லை.”

மேலே மின்விசிறி கடகடவென்று சுற்றியது. இன்ஸ்பெக்டர் பொறுமையாகச் சொன்னார். “பெரியவரே, ஒருத்தன் வீடு பூந்து உங்க மேல பாய்ஞ்சா, உயிரைக் காப்பாத்திக்க அடிக்கலாம். அதுவும் தடுக்க வேண்டிய அளவுக்குத்தான். பிடிச்சு வச்சுட்டு எங்களைக் கூப்பிடலாம். முதுகைக் காட்டிட்டுப் போறவனை அடிச்சா அதுக்குப் பேர் தற்காப்பு இல்லை, கோபம்.”

“முதுகுல அடிக்கலைம்மா. கால்லதான்.”

போலீஸ்காரர் சிரிப்பை அடக்க டீயை எடுத்துக்கொண்டார்.

“சிரிக்காதீங்க சார்” என்றார் பெரியவர். “வீட்டுக்காரனைக் கேட்காம ஒரு ஈ காக்கா உள்ளே வரக் கூடாது, வெளியே போகக் கூடாது. இல்லைன்னா அது வீடா, சத்திரமா? வீட்டுக்காரனுக்குன்னு ஒரு மரியாதை வேண்டாமா?”

கம்பைப் பிடித்துப் பழகிய கை மேஜை விளிம்பை இறுகப் பற்றியிருந்தது. இன்ஸ்பெக்டர் அதைப் பார்த்தார்.

“சரி, பயப்படாதீங்க. திடீர்னு பார்த்த பதட்டத்துல ஒரு அடி. நீங்களே ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கீங்க, நீங்களே வந்து சொல்லியிருக்கீங்க. எல்லாத்தையும் எழுதிக்கறேன். கேஸ்னு வந்தாலும் வீட்டுக்காரர்ங்கறது உங்களுக்கு ஒரு பலம்.”

பெரியவருக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. “அப்படிச் சொல்லுங்கம்மா. இந்த ஒரு வார்த்தைக்குத்தான் வந்தேன்.”

இன்ஸ்பெக்டர் மறுபடி பேனாவைத் திறந்தார். “வீடு உங்க பேர்லதானே?”

பெரியவர் ஜன்னலைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார்.

“அட, சொல்லுங்க பெரியவரே” என்றார் போலீஸ்காரர். “யார் பேர்ல இருக்கு?”

“ஆஸ்பத்திரியில காலைத் தூக்கிக் கட்டிப் படுத்திருக்காளே என் சம்சாரம்... அவ பேர்லதான்.”