பழைய நேரக் கந்தோர்

"பேரும் குடுத்தாச்சு, கடவுச்சொல்லும் குடுத்தாச்சு. உள்ளுக்கு விட்டிட்டு, அடுத்த நிமிசமே நீ ஆர் எண்டு கேக்குது" என்று இராசமலர் விசைப்பலகையைத் தள்ளிவிட்டாள்.

திருகோணமலைத் துறைமுகத்துக்குக் கிட்ட இருந்த அந்த நிவாரணக் கந்தோரில் இருந்ததே ஒரு கணினி. 2007ஆம் ஆண்டு. கொழும்புத் தலைமையகம் அந்தக் கிழமைதான் தன் கிளைகளுக்கென்று ஓர் உள் இணையத்தளம் திறந்திருந்தது. கிளிவெட்டி முகாமின் இருநூற்றுப் பன்னிரண்டு குடும்பங்களின் பட்டியல் நாலு மணிக்குள் அதில் ஏறினால்தான் நாளைக்கு அரிசி லொறி வெளிக்கிடும்.

கணினி திருத்துகிற லாபிர் வந்து உட்கார்ந்தான். செய்தித்தளம் திறந்தது. மின்னஞ்சல் திறந்தது. சொந்தக் கந்தோரின் தளம் மட்டும் அடம்பிடித்தது.

"உலாவி கூக்கியைத் தடுக்குது" என்றான்.

"கூக்கி எண்டா?" என்று கேட்டாள் மற்ற எழுதுவினைஞர் பல்கீஸ்.

"துறைமுக வாசலில தாற பாஸ் மாதிரி, தங்கச்சி. உள்ளுக்குப் போற இடமெல்லாம் அதைக் காட்டவேணும். கொழும்பு பாஸ் தருது. உங்கட கணினிதான் வாங்கி எறியுது."

பாதுகாப்பு அளவைக் குறைத்துப் பார்த்தான். பழைய கூக்கிகளை அழித்துப் பார்த்தான். ஒன்றும் சரிவரவில்லை. பிறகு திரையின் மூலையைப் பார்த்தான், தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.

"இதென்ன, அரை மணித்தியாலம் முந்தி ஓடுது?"

"அது எங்கட சேரின்ர நேரம்" என்றாள் இராசமலர் எரிச்சலோடு.

போன வருசம் சித்திரையில் நாடே மணிக்கூட்டை அரை மணித்தியாலம் பின்னுக்குத் தள்ளியது. பொறுப்பாளர் அருளம்பலம் மட்டும் தள்ளவில்லை. "இந்தக் கந்தோரில பழைய நேரம்தான். விருப்பமில்லாதவை போகலாம்" என்றுவிட்டார். சுவர் மணிக்கூடும் கணினியும் அப்படியே ஓடின. ஊரெல்லாம் எட்டரைக்கு வேலைக்குப் போக, இவர்கள் எட்டு மணிக்கே வந்து கையெழுத்து வைத்தார்கள். தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்கிற மனுசனோடு யார் கதைப்பது?

"கொழும்பு தாற பாஸ் இருபது நிமிசம்தான் செல்லும்" என்றான் லாபிர். "உங்கட கணினிக்கு அது வரேக்கையே காலாவதி. மின்னஞ்சல்காரர் மாசக்கணக்குக்குத் தாறவை, அதாலதான் அது ஓடுது."

நேரத்தைத் திருத்தினான். தளம் திறந்தது. ஏற்கெனவே தட்டி வைத்திருந்த பட்டியல் ஊர்ந்து ஊர்ந்து, நாலுக்குப் பத்து நிமிசம் இருக்கையில் போய்ச் சேர்ந்தது.

செய்தி கேட்டுத் தன் அறையிலிருந்து வந்த அருளம்பலம் லாபிரின் கையைப் பிடித்துக்கொண்டார். "பெரிய உபகாரம், தம்பி." கொழும்போடு கதைக்கத் திரும்பவும் உள்ளே போனார்.

அவர் தலை மறைந்ததும் இராசமலர் கதிரையில் ஏறிச் சுவர் மணிக்கூட்டையும் புது நேரத்துக்குத் திருப்பினாள்.

"ஒருத்தற்ற பிடிவாதத்தால இருநூறு குடும்பம் பட்டினி கிடந்திருக்கும். நாளையில இருந்து எட்டரைக்கு வருவம், நாலரைக்குப் போவம்."

பல்கீஸின் முகம் வாடிவிட்டது.

"அப்ப நாளைக்கு நான் வரமாட்டன், மலர் அக்கா."

"ஏன்?"

"கிண்ணியாவுக்குக் கடைசிப் பாதைப்படகு அஞ்சு மணிக்கு. ரெண்டு சோதனைச் சாவடி தாண்டிப் போகோணும். இப்ப ஊர் நேரம் நாலுக்கே வெளிக்கிடுறதாலதான் பிடிக்கிறன், நாலரைக்கு வெளிக்கிட்டா ஏலாது."

"முந்தி பிடிச்சனீர்தானே?"

"முந்தி அது அஞ்சரைக்கு. இருட்டுக்கு முன்னம் நிப்பாட்டுற படகு. மணிக்கூட்டை மாத்தலாம், இருட்டை மாத்த ஏலாதே."

அறைப்பக்கம் பார்த்துவிட்டு, மெல்லச் சொன்னாள்.

"நேரம் மாறின அண்டைக்கு வேலையை விடுறன் எண்டு கடிதம் குடுத்தனான். வாப்பாட தோணியை நேவிக்காரங்கள் கடலுக்கு விடுறாங்கள் இல்ல, என்ட சம்பளத்திலதான் வீட்டில அடுப்பு எரியுது. ஒருத்தரை மட்டும் முந்தி விடக் கொழும்பு சம்மதிக்காது எண்டு சேருக்குத் தெரியும். கடிதத்தைக் கிழிச்சுப்போட்டு வெளியில வந்துதான் பழைய நேரம் எண்டு சொன்னவர். எனக்காக எண்டு ஒருத்தருக்கும் சொல்லவேணாம், ஏச்செல்லாம் தனக்கே வரட்டும் எண்டார். ஒவ்வொரு தொழுகையிலும் அவருக்கும் சேர்த்துத்தான் துஆக் கேக்கிறன்."

இந்த ஒரு வருசத்தில் அந்த மனுசனைத் தான் ஏசிய ஏச்செல்லாம் இராசமலருக்கு வரிசையாக ஞாபகம் வந்தது. வெட்கமாக இருந்தது.

அறைக்கதவு திறந்தது. "பட்டியல் கிடைச்சிட்டுதாம். லொறி காலமை வெளிக்கிடும்" என்று வந்த அருளம்பலம், சுவரைப் பார்த்து நின்றுவிட்டார். "ஆர் இதைத் திருப்பினது?"

லாபிர் பையைப் பூட்டியபடி சொன்னான்.

"கணினிக்குத்தான் சேர் சரியான நேரம் வேணும். சுவர் மணிக்கூடு எப்படி ஓடினாலும் கொழும்புக்குத் தெரியாது."

அதற்குள் இராசமலர் திரும்பவும் கதிரையில் ஏறியிருந்தாள். முள்ளை அரை மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளிவிட்டு இறங்கினாள்.

"நாலரை ஆச்சு, பல்கீஸ், வெளிக்கிடும். நாளைக்கு ஊர் நேரம் எட்டு மணிக்கே நானே வந்து கந்தோரைத் திறக்கிறன்."