ஜன்னலோரக் கட்டில்

“அப்போ ஜன்னலோரக் கட்டில் இனிமே எனக்கு!”

டெஸ்ஸாவுக்கு வேறு கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது என்று கேட்டதும் அறைத்தோழி மாரிசோல் சொன்ன முதல் வார்த்தை இதுதான். வாழ்த்தும் இல்லை, ஒரு கட்டிப்பிடிப்பும் இல்லை.

டெஸ்ஸாவுக்குச் சுருக்கென்றது. ஒன்றரை வருஷம் ஒரே அறையில் குப்பை கொட்டியிருக்கிறார்கள்.

“உனக்கு வருத்தமே இல்லையாடி?”

“எதுக்கு வருத்தம்? காலைல வெயில் மூஞ்சில அடிக்கும். ராணி மாதிரி எழுந்திருப்பேன். சீக்கிரம் பெட்டியைக் கட்டு, தாயே!”

டெஸ்ஸா தவம் கிடந்த இடம் அது. ஒஹாயோவில், ஒரு குன்றின் மேல் இருக்கும் சின்னக் கல்லூரி. ஒரு வகுப்புக்குப் பன்னிரண்டு பேர். பேராசிரியர்களே வீட்டுக்குக் கூப்பிட்டு சூப் ஊற்றுவார்களாம்.

இங்கேயோ மாநிலப் பல்கலைக்கழகம், திருவிழாக் கூட்டம். கெமிஸ்ட்ரி வகுப்புக்கு மட்டும் ஐந்நூறு பேர். ஆசிரியர் மேடையில் எறும்பு மாதிரி தெரிவார். அவருக்கு டெஸ்ஸா அதுவாகக்கூடத் தெரியமாட்டாள்.

“என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட இங்க ஒரு நாதி இல்லை” என்று அவள் புலம்பாத நாள் கிடையாது.

உண்மையில் கூப்பிட ஒரு ஆள் இருந்தது. சாப்பாட்டுக் கூடத்தில் மாரிசோல் நாற்காலி மேல் ஏறி நின்று, “டெஸ்ஸா! இங்கடி! இடம் பிடிச்சு வெச்சிருக்கேன்!” என்று கத்துவாள். கூடமே திரும்பிப் பார்க்கும். டெஸ்ஸாவுக்கு மானம் போகும்.

விண்ணப்பத்தில், ஏன் கல்லூரி மாற விரும்புகிறாய் என்று கேட்டிருந்தார்கள். டெஸ்ஸா உருகி உருகி எழுதி, மாரிசோலிடம் படித்துக் காட்டினாள். ‘நாளைக்கே நான் காணாமல் போனாலும் இந்தக் கூட்டத்தில் ஒருவரும் கவனிக்கமாட்டார்கள்’ என்று முடித்திருந்தாள்.

அம்மா கொடுத்தனுப்பிய தமாலே கொழுக்கட்டையின் சோளத் தோலை உரித்துக்கொண்டே கேட்ட மாரிசோல், சட்டென்று நிறுத்தினாள். பிறகு, “நல்லா இருக்கு, அப்படியே அனுப்பு” என்று சொல்லிவிட்டு மறுபடி உரிக்கத் தொடங்கினாள்.

இவளெல்லாம் என்ன ஜென்மம் என்று நினைத்துக்கொண்டாள் டெஸ்ஸா.

டெஸ்ஸா அறையைக் காலி செய்து புறப்பட்ட அன்றைக்கும் அப்படித்தான். கீழே அப்பா வண்டியோடு நிற்கிறார், பனி கொட்டுகிறது. மாரிசோல் வாசல் வரைகூட வரவில்லை.

“குளிருதுடி. நீ கிளம்பு” என்று போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள்.

குன்றின் மேல் இருந்த கல்லூரி சொன்ன சொல் தவறவில்லை. முதல் நாளே எல்லோருக்கும் அவள் பெயர் தெரிந்திருந்தது. “டெஸ்ஸா, நீ என்ன நினைக்கிறாய்?” என்று பேராசிரியை கேட்டார். வீட்டுக்குக் கூப்பிட்டு சூப்பும் ஊற்றினார், நன்றாகவே இருந்தது.

ஆனால் சாப்பாட்டு மேஜைகள் எல்லாம் போன வருஷமே ஜோடி சேர்ந்துவிட்டன. “ஹாய் டெஸ்ஸா!” என்று சிரித்தபடி தட்டுகள் அவளைக் கடந்து போயின. யாரையும் குறை சொல்ல முடியாது. நடு வருஷத்தில் வந்து நின்றால் அப்படித்தான்.

தட்டை ஏந்திக்கொண்டு நிற்கும்போதெல்லாம் அவள் காது எதையோ தேடியது. யாராவது நாற்காலி மேல் ஏறிக் கத்தமாட்டார்களா என்று ஏங்கியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பொறுக்கமாட்டாமல் மாரிசோலை வீடியோவில் கூப்பிட்டாள்.

“என்னடி, பெரிய காலேஜ்காரி! எங்களையெல்லாம் ஞாபகம் இருக்கா?”

டெஸ்ஸா போனை முகத்துக்குப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். “புது ரூம்மேட் வந்துட்டாளா?” என்றாள்.

“ஹாஸ்டல் ஆபீஸ்ல அனுப்பிக்கிட்டேதான் இருக்காங்க. ஒருத்திகிட்ட, நான் குறட்டை விட்டா சுவர் ஆடும்னேன். இன்னொருத்திகிட்ட, கட்டிலுக்கு அடியில பாம்பு வளர்க்கறேன்னேன். பெட்டியைத் தூக்கிக்கிட்டு ஓடிட்டாளுங்க!”

கட்டில் காலியான அறையில் வருகிறவளை விரட்டிவிட்டுத் தனிக்காட்டு ராஜாவாக இருக்கப் பார்ப்பது அந்த ஹாஸ்டலில் எல்லோரும் செய்கிற வேலைதான். டெஸ்ஸாவும் சேர்ந்து சிரித்தாள். உள்ளுக்குள் எரிந்தது. நான் போனது இவளுக்கு எவ்வளவு வசதியாகப் போய்விட்டது!

“ஜன்னலோரக் கட்டில் எப்படி இருக்கு?”

“ஐயோ, சொர்க்கம்! இரு, நூடுல்ஸ் சூடாயிடுச்சு, எடுத்துட்டு வந்துடறேன்.”

போனைத் தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைத்துவிட்டு அவள் எழுந்து போனாள். அவள் தலை மறைத்திருந்த அறை இப்போது முழுசாகத் தெரிந்தது.

சுவரோரக் கட்டிலில் மாரிசோலின் போர்வை சுருண்டு கிடந்தது. காது பிய்ந்த கரடி பொம்மையும் சிப்ஸ் பாக்கெட்டும் பழைய இடத்திலேயே இருந்தன.

ஜன்னலோரக் கட்டிலில் விரிப்பு இழுத்துக் கட்டி, தலையணை தட்டி வைத்திருந்தது. ஒரு சுருக்கம் இல்லை. யாரும் அதில் படுத்ததாகவே தெரியவில்லை.

கிண்ணத்தோடு திரும்பி வந்த மாரிசோல், “ஏய், ஏண்டி அழற?” என்றாள்.

“நீ அந்தக் கட்டில்ல படுக்கவே இல்லையா?”

மாரிசோல் திரும்பி ஜன்னலைப் பார்த்தாள். நூடுல்ஸைக் கிளறிக்கொண்டே இருந்தாள்.

“நீ காணாமப் போனா ஒருத்தரும் கவனிக்கமாட்டாங்கன்னு எழுதினியே... அன்னிக்கே ‘பொய்’னு சொல்லியிருப்பேன்டி. சொல்லியிருந்தா நீ போயிருக்கமாட்டியே!”