செப்டிக் டேங்கில் வைத்த தீ

தண்ணீர் இன்னும் திறந்துவிடாத புதுக் குளியலறையில், தரைத் துளையை ஒற்றைக் காலால் மிதித்தபடி நிற்கிறார் மேஸ்திரி. எதிரே, வீட்டைச் சோதிக்க வந்த சுகாதார அதிகாரி. ஜன்னல் வெயிலில் சிமெண்ட் தூசி மிதக்கிறது. காங்கிரீட் ஒட்டாமலிருக்கக் கழிவு எண்ணெய் பூசிய சென்ட்ரிங் பலகைகளை, ஆணி இருக்கிறதென்று குப்பைக் கிடங்கில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வெளியில் எரித்தால் லைசென்ஸ் போய்விடும். நாளைக்கு வீட்டுக்காரர் குடிவருகிறார். அதனால் விடிந்ததும் மேஸ்திரி அத்தனையையும் காலி செப்டிக் டேங்கில் போட்டுக் கொளுத்தி, மேலே மூடியையும் போட்டுவிட்டார். வீட்டுக் குழாயெல்லாம் அதில்தான் போய்ச் சேருகிறது என்பது, அவரே இணைத்த குழாய்கள்தான், தண்ணீர் நிற்காத துளைகள் வழியே புகை கிளம்பிய பிறகே அவருக்கு உறைக்கிறது. “பலகையெல்லாம் எங்கய்யா?” “லாரில ஏத்தி அனுப்பியாச்சு சார்.” “ஏதோ கருகுற வாடை வருதே?” “புது பெயின்ட் சார், அப்படித்தான் இருக்கும்.” மேஸ்திரியின் செருப்புக்கு அடியில் சுடுகிறது. “ஏன்யா நட்டு வச்ச மாதிரி நிக்கிற? வா, மாடியைப் பார்ப்போம்.” மாடியில் இன்னும் நான்கு துளைகள். மேஸ்திரி அசட்டுச் சிரிப்புச் சிரிக்கிறார். காலை மட்டும் எடுக்கவில்லை. அதிகாரியின் முதுகுக்குப் பின்னால், வாஷ்பேசின் துளையிலிருந்து கன்னங்கரேலென்று ஒரு புகைச் சுருள் மெல்லத் தலைநீட்டுகிறது.