மச்சினன் அடித்த மூன்று கோல்

"என் மச்சினன் ஆடுறதைப் பார்த்தா, பார்க்கிறவன் அசந்து போகணும்மா. அப்படி ஒரு வீடியோ பண்ணிக் குடுங்க" என்றார் கண்ணாடிக்கடைக்காரர்.

சலவைக்கடைக்கு மேலே ஒரு சின்ன அறை. வீடியோக்காரம்மா ஒரு கல்யாண வீடியோவில் மாப்பிள்ளை தும்மிய இடத்தை வெட்டிக்கொண்டிருந்தாள். அதை அப்படியே நிறுத்திவிட்டு, அவர் கொண்டுவந்த கால்பந்து ஆட்டத்தை ஓடவிட்டாள். மச்சினன் மேல் இவ்வளவு பாசமா என்று அவளுக்கே ஆச்சரியம்.

மச்சினன் நின்ற இடத்தை விட்டு நகரவே இல்லை. ஒரு தடவை பந்து அவனைத் தாண்டிப் போனபோது, குனிந்து ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்தான்.

"இவர்தானா?"

"இவனேதான். டீம்ல பேரு தூண்." கண்ணாடிக்கடைக்காரர் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "உங்ககிட்ட மறைப்பானேன். நான்தான் கேப்டன். இவனை வச்சுக்கிட்டு வருஷா வருஷம் கடைசி இடம். டீமை விட்டு எடுத்தேன்னா, என் பொண்டாட்டி என்னை வீட்டை விட்டே எடுத்துடுவா."

"அதுக்கு வீடியோ எதுக்கு சார்?"

"இந்த வருஷம் லீக்ல புதுசா ஒரு பேக்கரிக்காரர் டீம் சேர்ந்திருக்கு. அவங்களுக்கு இவனைத் தெரியாது. அவங்களே ஆசைப்பட்டுக் கேட்டு வாங்கிட்டுப் போகணும். ஒரே ஒரு தடவையாவது நான் அந்தக் கோப்பையைக் கையால தொட்டுப் பார்த்துடணும்மா." சொல்லிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "வெளியில மூச்சு விடக் கூடாது."

"இங்க வர்ற எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க. ஒருத்தர் வேலையை இன்னொருத்தர்கிட்ட நான் சொல்றதே இல்லை." அவள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். "கோல் ஏதாவது அடிச்சிருக்காரா?"

"ஒண்ணு. அதுவும் பந்துதான் வந்து இவன் தலையில மோதிச்சு."

"போதும். மூணாக்கிடலாம்."

முதல் கோலைக் கிட்டத்தில் காட்டி மெதுவாக ஓடவிட்டாள். அதையே தூரத்தில் காட்டி, மேளத்தை அதிரவிட்டு இரண்டாவது கோலாக்கினாள். மூன்றாவதுக்குப் படத்தை இடவலமாகத் திருப்பிப் போட்டாள். வலப்பக்கம் நின்ற தூண் இப்போது இடப்பக்கம் நின்றான்.

"சட்டையில நம்பர் திரும்பித் தெரியுதேம்மா. மாட்டிக்குவோமே."

"அதுக்கும் மருந்து இருக்கு" என்று நம்பர் மேல் ஒரு நெருப்பை வைத்தாள். தூணின் நெஞ்சு திகுதிகுவென்று எரிந்தது. வேடிக்கை பார்க்க வந்திருந்த நாலு பேருக்குப் பதிலாக நாலாயிரம் பேரின் கூச்சலைச் சேர்த்தாள். 'நம்ம பயலுக்குள்ள இவ்வளவு வெறியா' என்று கண்ணாடிக்கடைக்காரரே ஒரு நொடி ஏமாந்துபோனார்.

கேப்டன்களின் வாட்ஸ்அப் குழுவில், குடும்பப் பெருமை பேசுகிறவர் மாதிரி வீடியோவைப் போட்டுவிட்டார். மறுநாளே பேக்கரிக்காரர் கூப்பிட்டுவிட்டார்.

பேக்கரியின் பின்கட்டில், அடுப்புச் சூட்டில் இருவரும் உட்கார்ந்தார்கள். "எங்க டீம்ல தலையால முட்டுற ஆளே இல்லை. உங்க தூணைக் குடுங்க. பதிலுக்கு எங்க புயலை வச்சுக்கோங்க" என்று பேக்கரிக்காரர் தன் போனை நீட்டினார். "குடுக்க மனசே வரலை. என்ன பண்றது."

கண்ணாடிக்கடைக்காரர் பார்த்தார். புயல் வலது காலால் ஒரு கோல் அடித்தான். அடுத்ததை இடது காலால் அடித்தான். அந்த இடது கால் கோலில் புயலின் நெஞ்சு குப்பென்று பற்றி எரிந்தது. இப்படி ஓர் ஆளையா தூக்கிக் கொடுக்கிறான், சரியான ஏமாளியாக இருக்கிறானே என்று கண்ணாடிக்கடைக்காரருக்கு உள்ளுக்குள் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. முகத்தை மட்டும் துக்க வீட்டுக்காரர் மாதிரி வைத்துக்கொண்டு, லீக் தாளில் கையெழுத்துப் போட்டார். பேக்கரிக்காரர் சந்தோஷத்தில் ஒரு முழு கேக்கைப் பெட்டியில் போட்டுக் கொடுத்தார்.

வீட்டில் மனைவிக்குக் கால் தரையில் பாவவில்லை. "என் தம்பியைத் தேடி வந்து கூட்டிட்டுப் போறாங்க. கூடவே வச்சிருந்தீங்க, உங்களுக்குத்தான் அவன் அருமை தெரியலை" என்றாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு, ஆமாம் ஆமாம் என்றார்.

கேக் பெட்டியைப் பிரிக்காமல் அப்படியே எடுத்துக்கொண்டு, மறுநாள் காலையில் மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாவி ஏறினார்.

"எல்லாம் உங்க கைராசி. எடுத்துக்கோங்கம்மா" என்று பெட்டியை மேசைமேல் வைத்தார்.

"கையெழுத்தெல்லாம் ஆயிடுச்சா சார்?"

"ஆச்சு. இனிமே சீசன் முடியிற வரைக்கும் மாத்த முடியாது. பேக்கரிக்காரர் கால்ல விழுந்தாலும் நடக்காது." பெருமை தாங்காமல் போனை அவள் முகத்துக்கு நேரே பிடித்தார். "என்னைத் தேடி வந்த ஆளைப் பாருங்க. இப்ப ஒரு இடது கால் கோல் வரும், கவனிங்க."

அவள் கவனித்தாள். பிறகு கேக் பெட்டியை மெல்ல அவர் பக்கமே தள்ளி வைத்தாள்.

"இதை நீங்களே எடுத்துட்டுப் போயிடுங்க சார். கையெழுத்துதான் ஆயிடுச்சே, இனிமே சொன்னாத் தப்பில்லை."

"என்னம்மா?"

"அந்த நெருப்பும் நான் வச்சதுதான்."