எந்த ஓடு

ஊர்க்கூரைகளுக்கெல்லாம் ஓடு மாற்றும் வேலாண்டி தன் வீட்டுக்கூரையில் ஏறினால், எந்த ஓடு ஒழுகுகிறதென்று மனைவி செங்கமலம்தான் உள்ளிருந்து கம்பால் தட்டிக் காட்டுவாள். மெதுவாக, இரண்டே தட்டு.

நாளை அவளுக்குக் கருமாதி. வருகிறவர்கள் நனையாமல் படுக்க வேண்டுமே என்று ஏறியவர், "எந்த ஓடு? தட்டு புள்ள" என்று பழக்கத்தில் குரல் கொடுத்துவிட்டார். நாக்கைக் கடித்துக்கொள்வதற்குள், பக்கத்து வீட்டு மரகதம் முந்தானையால் கண்ணைத் துடைத்தபடி உள்ளே ஓடினாள். தடதடவென்று ஏழெட்டுத் தட்டு. உடைந்த ஓடு அவர் காலடியில் குதித்தது. அவர் அதைத் தொடவில்லை.

"அவ இப்படித் தட்டமாட்டா தாயி."

கீழே சத்தம் நின்றது. வெகுநேரம் கழித்து, மெதுவாக, இரண்டே தட்டு.

"பாத்துட்டேன் புள்ள" என்றார் வேலாண்டி.