வாசலில் தொங்கிய முகம்

அடுக்ககத்தின் வாசலில் புதிதாகத் தொங்கிய திருஷ்டி பொம்மையைப் பார்த்ததும் வேதவல்லிக்கு ரத்தம் கொதித்தது. பிதுங்கிய மூன்று கண்கள், கோரைப்பற்கள், மார்புவரை தொங்கும் நீல நாக்கு. அச்சு அசலாகக் கீழ்வீட்டு ஊனோவின் முகம்.

வேற்றுக்கிரகத்திலிருந்து வந்து குடியேறிய அந்த ஊனோதான் அவள் வேலைக்குப் போகும்போது பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறார். அந்த நாக்கை ஆட்டிக் காட்டினால்தான் பிள்ளைக்குச் சோறே இறங்கும்.

பொம்மையைக் கட்டிவிட்டு அழகு பார்த்துக்கொண்டிருந்தார் சங்கச் செயலாளர் கோதண்டம்.

"மனசாட்சி இருக்கா சார் உங்களுக்கு?"

"கட்டடத்துக்குக் கண்ணு படக் கூடாதில்லம்மா? இந்த மூஞ்சியப் பாத்தா எவன் கண்ணு படும்? அது ஒண்ணும் கோவிச்சுக்காது."

"அதுவா? அவருன்னு சொல்லுங்க! உங்க மூஞ்சியக் கட்டியிருந்தா இன்னும் நல்லா வேலை செஞ்சிருக்கும்."

கத்தியை எடுத்து வந்து ஸ்டூல்மேல் ஏறிக் கயிற்றைப் பிடித்தாள்.

"அறுக்காதீங்க அக்கா!"

பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஊனோ ஓடிவந்தார்.

"நம்ம எல்லாரையும் காக்கத்தான் என் முகத்த வாசல்ல வைக்கப்போறதா நேத்தே பொம்மையக் காட்டி சார் சொன்னாரு. எங்க கிரகத்துல இருக்குற என் பொண்ணுக்குப் படம்பிடிச்சு அனுப்பினேன். ஒரே சந்தோஷம் அவளுக்கு. அவளும் என்னை மாதிரியேதான் இருப்பா. பக்கத்துல அவ முகத்தையும் வைக்க முடியுமான்னு கேக்குறா."

வேதவல்லி மெல்ல ஸ்டூலைவிட்டு இறங்கினாள். கோதண்டம் கீழே எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டார்.

"நிமிருங்க சார்," என்றாள். "அவர் முகத்தப் பாத்துப் பதில் சொல்லுங்க."